வைஃபை வரலைன்னு சொன்னால் போதாது

விடுதிகள் நிரம்பத் தொடங்கியதும் கணினி மையத்துக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியம்தான். "சார், வைஃபை வரல." கொஞ்சம் விவரமாகச் சொல்பவர்கள், "கனெக்ட் ஆகுது சார், ஆனா நெட் வரல" என்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்த ஒரே வாக்கியத்துக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்றைச் சரிசெய்யும் வழி இன்னொன்றுக்குத் துளியும் உதவாது. அதனால்தான் யூடியூபில் பார்த்ததையெல்லாம் செய்து முடித்த பிறகும் பலருக்கு நெட் வருவதில்லை.

இதை விரிவாக எழுதக் காரணம் உண்டு. கல்லூரி வைஃபை ஒரு காலத்தில் கூடுதல் வசதி. இன்று என்பிடெல் அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிவ்யூ, பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட் எல்லாமே அதன்மேல்தான் நிற்கின்றன. கேமரா கண்காணிப்போடு நடக்கும் தேர்வில் நடுவே இணைப்பு அறுந்தால் மறுபடி உள்ளே விடுவார்களா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாத, செல்போன் டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிற முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு விடுதி வைஃபைதான் ஒரே வழி. எனவே "நம்ம காலேஜ் வைஃபை அப்படித்தான்" என்று பேசிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும்.

முதல் வேலை: எங்கே அறுகிறது?

உங்கள் லேப்டாப்பிலிருந்து கிளம்பும் ஒரு கோரிக்கை முதலில் காற்று வழியாக ஆக்சஸ் பாயிண்டுக்குப் போகிறது. அங்கிருந்து கேபிள் வழியாகக் கல்லூரியின் ஸ்விட்ச், ஃபயர்வால். அதன் பிறகுதான் வெளியுலகம். எந்தக் கட்டத்தில் அறுகிறது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுங்கள். வைஃபை பகுதியில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், கல்லூரியின் டிஹெச்சிபி சர்வரிடமிருந்து உங்களுக்கு முகவரி கிடைக்கவில்லை, லேப்டாப் தனக்குத்தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் பிரவுசரை மாற்றுவதோ, கேஷ் அழிப்பதோ வீண் வேலை. வைஃபையைத் துண்டித்து ஒருமுறை மறுபடி இணைத்துப் பாருங்கள். அப்போதும் அதே முகவரி வந்தால், அதே இடத்தில் நண்பரின் லேப்டாப்பில் பாருங்கள். அங்கும் 169.254 வந்தால் சிக்கல் எங்கள் பக்கம்.

இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது முகவரிகள் தீர்ந்துபோவது. சாதாரணமாக ஒரு சப்நெட்டில் 254 முகவரிகள்தான் இருக்கும். ஒரு மாணவரிடம் போன், லேப்டாப், சிலரிடம் டேப்லெட்டும் உண்டு. நூறு பேர் இருக்கும் ஒரு மாடியிலேயே அந்த எண்ணிக்கை ஏறத்தாழ நிரம்பிவிடும். விண்டோஸ் சர்வரில் ஒரு முகவரியை ஒருவருக்குக் கொடுத்தால் அதன் வழக்கமான குத்தகைக் காலம் 8 நாட்கள். அலுவலகத்துக்கு அது பொருந்தும். ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் கருத்தரங்கக் கூடத்துக்குப் பொருந்தாது. காலையில் வந்துபோனவரின் போன் இல்லாத நேரத்திலும் அதன் முகவரி பூட்டப்பட்டே கிடக்கும். குத்தகையை ஓரிரு மணி நேரமாகக் குறைத்து, முகவரித் தொகுப்பைப் பெரிதாக்குவதுதான் தீர்வு.

முகவரி சரியாக இருந்தால் அடுத்தது 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருக்கும் எண். அந்த எண்ணுக்கு பிங் கொடுத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சில மில்லிசெகண்டில் சீராகப் பதில் வந்தால் உங்களுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் இடையிலான காற்றுவழி நன்றாக இருக்கிறது. 3, 5, 400, 7, பிறகு 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று தாறுமாறாக வந்தால் சிக்கல் பெரும்பாலும் காற்றில். சில கல்லூரிகளில் கேட்வே பிங்குக்குப் பதிலே சொல்லாதபடி அமைத்திருப்பார்கள். அங்கே ஒரு பதில்கூட வராது. அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து வெளியுலகில் இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங். கேட்வே பதில் சொல்லி, இது சொல்லாவிட்டால் லாகின் முடியாமல் இருக்கலாம், அல்லது கல்லூரியின் வெளி இணைப்பில் கோளாறு இருக்கலாம். இதுவும் பதில் சொல்லி, இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் சிக்கல். வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு டிஎன்எஸ்ஸைக் கையால் மாற்றி வைத்திருந்தால், அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். வெளி டிஎன்எஸ்ஸைத் தடுத்து வைத்திருக்கும் கல்லூரிகள் நிறைய.

ஒரு மாடியையே முடக்கிய குட்டி ரவுட்டர்

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு சம்பவம். விடுதியின் ஒரு மாடியில் மட்டும் திடீரென்று பலருக்கு நெட் போய்விட்டது. சிக்னல் முழுதாக இருக்கிறது, 'கனெக்டெட்' என்றும் காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. ஏற்கெனவே இணைப்பில் இருந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. புதிதாக இணைபவர்களுக்குத்தான்.

ஒரு மாணவரின் லேப்டாப்பில் ஐபிகான்ஃபிக் கொடுத்துப் பார்த்தோம். எங்கள் முகவரிகள் 10 என்ற எண்ணில் தொடங்கும். அதில் இருந்ததோ 192.168.0 வரிசை, கேட்வே 192.168.0.1. வீட்டு ரவுட்டர்கள் கொடுக்கும் முகவரி அது. யாரோ வீட்டிலிருந்து ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரிலிருந்து வரும் கேபிளை 'வேன்' துளையில் செருகாமல் 'லேன்' துளையில் செருகியிருந்தார். அதனால் அந்தக் குட்டி ரவுட்டர், அந்த மாடியில் முகவரி கேட்பவர்களுக்கெல்லாம் எங்கள் சர்வரை முந்திக்கொண்டு முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் வழியில்லாத இடத்தில் நின்றார்கள்.

'ஏஆர்பி' கட்டளை அந்த 192.168.0.1-இன் மேக் முகவரியைக் காட்டியது. அந்த மேக் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று ஸ்விட்ச்சில் தேடினோம். போர்ட் எண்ணுக்கு நேரே அறை எண் எழுதி வைத்திருந்ததால் நேராக அந்த அறைக்கே போக முடிந்தது. பிறகு எல்லா ஸ்விட்ச்களிலும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கினோம். இப்போது எங்கள் சர்வர் இருக்கும் போர்ட்டைத் தவிர வேறு எங்கிருந்து யார் முகவரி கொடுக்க முயன்றாலும் ஸ்விட்ச்சே தடுத்துவிடும்.

ஆனால் அந்தப் பையன் ஏன் ரவுட்டர் வாங்கி வந்தான் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. அவன் அறை வராந்தாவின் கோடியில். ஆக்சஸ் பாயிண்ட் மாடிப்படி ஓரத்தில். நடுவில் வரிசையாகக் கான்கிரீட் சுவர்கள், ஒவ்வொரு அறையிலும் ஸ்டீல் பீரோ. அவனுக்கு உண்மையிலேயே சிக்னல் கிடைக்கவில்லை. ரவுட்டரைப் பறிமுதல் செய்வதோடு நிறுத்தியிருந்தால் அடுத்த மாதம் இன்னொருவர் கொண்டுவந்திருப்பார். அந்தக் கோடியில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்த பிறகுதான் அந்தச் சிக்கல் முடிந்தது.

காற்றில் நடப்பது

கம்பியில்லாக் கணினி வலையே ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான். நார்மன் ஆப்ராம்சனும் அவர் குழுவினரும் 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் 'அலோஹாநெட்' என்ற வானொலி வலையை இயக்கினார்கள். எல்லோரும் ஒரே அலைவரிசையில் அனுப்பலாம். இருவர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், ஆளுக்கொரு தற்செயலான இடைவெளி விட்டு மறுபடி அனுப்ப வேண்டும். இன்றைய வைஃபை இதைவிடக் கவனமானது. அனுப்புவதற்கு முன்பு காற்று காலியாக இருக்கிறதா என்று கேட்கும், பிறகு அனுப்பும். ஆனால் அடிப்படை மாறவில்லை. வகுப்பறையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருப்பதுபோல, ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் அனுப்ப முடியும்.

இதனால்தான் சிக்னல் கட்டங்கள் முழுதாக இருந்தும் நெட் நகராமல் நிற்கிறது. அந்தக் கட்டங்கள் ஆக்சஸ் பாயிண்டின் அலை எவ்வளவு வலுவாக உங்களை எட்டுகிறது என்பதை மட்டும் காட்டும். அதே சேனலில் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைக் காட்டாது. தூரத்திலிருந்து பலவீனமான சிக்னலோடு இணைந்திருக்கும் ஒரு லேப்டாப், ஒரே அளவு தகவலை அனுப்ப அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதன் தாமதத்தை அருகில் இருப்பவர்களும் சேர்ந்து அனுபவிக்கிறார்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நெரிசல் அதிகம். இந்தியாவில் அதில் 13 சேனல்கள் உண்டு என்றாலும், அவை ஒன்றின்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் இயங்கக்கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். விடுதியில் பத்துப் பேர் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் அந்த மூன்றும் நிரம்பிவிடும். கல்லூரி வைஃபை மெதுவாக இருக்கிறது என்று ஹாட்ஸ்பாட் போடுகிறோம், அந்த ஹாட்ஸ்பாட்டாலேயே அது மேலும் மெதுவாகிறது. ஹாட்ஸ்பாட் தேவைப்படும் நேரத்தில் மட்டும் அதை இயக்குங்கள். இன்னொன்று: போனில் தெரியும் ஒரு நெட்வொர்க் லேப்டாப்பில் தெரியவே இல்லை என்றால் அது 12 அல்லது 13-ஆம் சேனலில் இருக்கலாம். அமெரிக்க விதிகளின்படி அமைக்கப்பட்ட வைஃபை கார்டுகள் அவற்றைப் பார்ப்பதில்லை.

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல்கள் தாராளம். இந்தியாவில் 2018-இல் அந்தப் பட்டையின் பெரும்பகுதி உரிமம் தேவையில்லாமல் திறந்துவிடப்பட்டது. சுவரைத் தாண்டும் திறன் இதற்குக் குறைவு, ஆனால் ஆக்சஸ் பாயிண்ட் அதே அறையில் இருந்தால் இதுவே நல்லது. லேப்டாப்பின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'அட்வான்ஸ்ட்' பகுதியில் 'பிரிஃபர்டு பேண்ட்' இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பட்டையில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ராடார்களும் பயன்படுத்துகின்றன. ராடார் அலை தெரிந்தால் ஆக்சஸ் பாயிண்ட் உடனே சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. விமான நிலையத்துக்கோ வானிலை ராடாருக்கோ அருகில் இருக்கும் கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே நொடியில் இணைப்பு அறுந்து மறுபடி வந்தால், நிர்வாகி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உங்கள் மேசையையும் ஒருமுறை பாருங்கள். யுஎஸ்பி 3.0 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகும்போது மட்டும் வைஃபை தடுமாறினால், அதை வேறு பக்கத் துளையில் செருகுங்கள், அல்லது நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள்.

மற்றொரு பொதுவான சிக்கல், லேப்டாப் பழைய ஆக்சஸ் பாயிண்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. நூலகத்தில் இணைந்து, மூடாமலே கையில் பிடித்தபடி வகுப்புக்கு நடந்து வருகிறீர்கள். வகுப்பில் தலைக்கு மேலேயே ஆக்சஸ் பாயிண்ட் இருந்தும் லேப்டாப் நூலகத்தையே பிடித்துத் தொங்குகிறது. எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது லேப்டாப்தான். ஆக்சஸ் பாயிண்ட் யோசனை மட்டுமே சொல்ல முடியும். வைஃபையை அணைத்துப் போட்டால் உடனே சரியாகும். அடிக்கடி நடந்தால் இன்டெல் கார்டுகளில் 'ரோமிங் அக்ரசிவ்னெஸ்' அமைப்பை ஒரு படி கூட்டிப் பாருங்கள்.

லேப்டாப்பில் பார்க்க வேண்டியவை

பக்கத்தில் எல்லோருக்கும் வருகிறது, உங்களுக்கு மட்டும் வரவில்லையா? முதலில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது அதற்கு ஈடாகாது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் உள்நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுபடி அப்படியே ஏற்றப்படும். சிக்கிக்கொண்ட டிரைவரும் அதனுடன் திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

சிறிது நேரம் சும்மா இருந்தால் இணைப்பு போகிறதா? டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜரின் பவர் சேவ் அமைப்பை முடக்குங்கள். டிரைவரை உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்ற பெயரில் வரும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களைத் தொடாதீர்கள்.

தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நீண்ட விடுமுறைக்குப் பிறகு திறந்த பழைய லேப்டாப்பில் தேதி பின்னோக்கிப் போயிருந்தால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று லாகின் மறுக்கப்படும்.

லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அதன் மெல்லிய வயர்கள் கீல் வழியாகக் கீழே வந்து வைஃபை கார்டில் சிறு பொத்தான்போல் பொருந்தும். திரை மாற்றிய பிறகு, அல்லது கீல் உடைந்து ஒட்டிய பிறகு சிக்னல் குறைந்தால், திரையின் சாய்வை மாற்றும்போது சிக்னல் ஏறி இறங்கினால், சந்தேகப்பட வேண்டியது அந்த வயர்களைத்தான். எந்த மென்பொருள் மாற்றமும் அதைச் சரிசெய்யாது. சர்வீஸ் கடையில் "ஆன்டெனா வயர் கார்டுல ஒழுங்கா மாட்டியிருக்கான்னு பாருங்கண்ணா" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

லாகின் தடைகள்

லாகின் பக்கம் திறக்கவில்லை என்றால் முதலில் விபிஎன்-ஐ அணையுங்கள். 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் பாதுகாப்பான தளங்களை ஃபயர்வால் சத்தமில்லாமல் திசைதிருப்ப முடியாது, பிரவுசர் எச்சரிக்கை காட்டி நிறுத்திவிடும். எனவே வெறும் 'ஹெச்டிடிபி' முகவரி ஒன்றைத் தட்டுங்கள், லாகின் பக்கம் வந்துவிடும்.

கருவியின் மேக் முகவரியைப் பதிவு செய்யும் கல்லூரிகளில், லேப்டாப்பின் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' வசதி இயங்கினால் பதிவு பயனற்றுப்போகும். ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 முதல் போன்களில் இது இயல்பாகவே இயங்குகிறது. கல்லூரி நெட்வொர்க்குக்கு மட்டும் அதை அணைத்துக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டப்படுகிறதா? லேப்டாப்பில் சரியான பாஸ்வேர்டைத்தான் போடுகிறீர்கள். ஆனால் பையில் கிடக்கும் போன் பழைய பாஸ்வேர்டோடு விடாமல் முயன்றுகொண்டிருக்கிறது. சர்வர் அதைத் தவறான முயற்சியாகக் கணக்கிட்டுப் பூட்டுகிறது. எல்லாக் கருவிகளிலும் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். எஜுரோம் (ஒரே கணக்கில் பல கல்லூரிகளில் இணைய உதவும் வைஃபை) இருக்கும் கல்லூரியில் படிப்பவர்கள், பயனர் பெயரை அட் குறியோடு கல்லூரி டொமைனையும் சேர்த்து முழுதாகக் கொடுத்துப் பழகுங்கள். வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது, எந்தக் கல்லூரிச் சர்வரிடம் உங்களைப் பற்றிக் கேட்பது என்று அந்தப் பகுதிதான் சொல்கிறது.

புகாரை இப்படி எழுதுங்கள்

மேலே சொன்னதில் பாதிக்கு மேல் உங்களால் சரிசெய்ய முடியாது. எங்களால்தான் முடியும். அதற்கு நீங்கள் எழுதும் புகாரில் ஆதாரம் வேண்டும். விண்டோஸில் 'நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்த ஆக்சஸ் பாயிண்டில், எந்தச் சேனலில், எத்தனை சதவீத சிக்னலில் இருக்கிறீர்கள் என்று வரும். லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுங்கள். 'பிஎஸ்எஸ்ஐடி' என்ற வரிதான் ஆக்சஸ் பாயிண்டின் அடையாளம். அதே கட்டளையின் கடைசிச் சொல்லை 'டபிள்யூலேன்ரிப்போர்ட்' என்று மாற்றி, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கினால், கடந்த மூன்று நாட்களில் எப்போதெல்லாம் ஏன் அறுந்தது என்று ஓர் அறிக்கையே கிடைக்கும்.

"விடுதி இரண்டாம் மாடி, வடக்குக் கோடி அறை. இரவு 9 முதல் 11 வரை. சிக்னல் 82 சதவீதம், சேனல் 6. கேட்வே பிங் 300-ஐத் தாண்டுகிறது, இடையிடையே டைம்ட் அவுட். பக்கத்து இரண்டு அறைகளிலும் இதே நிலை. காலையில் சிக்கல் இல்லை." இப்படி ஒரு புகார் வந்தால் நான் உங்கள் லேப்டாப்பைப் பார்க்கவே வேண்டியதில்லை. சிக்னல் நன்றாக இருக்கிறது, சேனல் நெரிசல், இரவுக் கூட்டம் என்று நேராக அந்த ஆக்சஸ் பாயிண்டுக்கே போய்விடுவேன். தனித்தனியாகச் சொல்வதைவிட, ஒரு மாடியில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரே தாளில் இதை எழுதிக் கொடுங்கள். புதிய ஆக்சஸ் பாயிண்டுக்கு நிர்வாகத்திடம் பணம் கேட்கும்போது என் கையில் இருக்கும் வலுவான ஆவணம் அந்தத் தாள்தான்.

என்னைப்போல் இந்த வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலி வகுப்பறையில் லேப்டாப்பைத் திறந்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு வரக் கூடாது. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். அறுபது பேர் உட்கார்ந்த அறையும் காலி அறையும் ஒன்றல்ல, ஒரு லேப்டாப் பேசுவதும் அறுபது லேப்டாப்கள் ஒரே நேரத்தில் பேச முயல்வதும் ஒன்றல்ல. வகுப்பு நடக்கும்போது வகுப்பறைக்கும், இரவு பத்து மணிக்கு விடுதிக்கும் போய் அளக்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்டுகளை வராந்தாவில் வரிசையாக மாட்டினால் செலவு குறையும்தான். ஆனால் அப்போது அவை ஒன்றின் குரலை ஒன்று தெளிவாகக் கேட்கும், அறைக்குள் இருக்கும் மாணவருக்குக் கேட்காது. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எந்தக் கல்லூரியும் மாணவரைப் பார்த்து "உன் பாட்டிலை மாற்று" என்று சொல்வதில்லை. வைஃபையையும் அந்தப் பொறுப்போடு நடத்துவோம். புகாரைச் சரியாக எழுதுவது மாணவர் வேலை. அதைப் படித்துவிட்டு அந்த நேரத்தில், அந்த அறைக்கே போய்ப் பார்ப்பது நம் வேலை.